என்டெரிக் என்னும் வைத்தியச் சொல்: அதன் பொருளும் உபயோகமும்

வியாதியுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று திரும்பும் கிராமவாசிகளின் கையில் வைத்தியர் எழுதிய சீட்டொன்று இருப்பது வழக்கம். அதில் கண்ட ஆங்கிலச் சொற்களின் பொருளை அறியாமலே பலர் அதைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிடுகின்றனர். வியாதிகளின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் யாவரும் கற்றறிதல் சாத்தியமன்று, அவசியமுமன்று. ஆயினும் அடிக்கடி வரும் சொற்கள் சில உண்டு. அவற்றின் பொருள் விளங்கினால் நோயாளியைப் பேணும் முறையும் விளங்கும். அத்தகைய சொற்களுள் ஒன்று 'என்டெரிக்' என்பதாகும்.

பல நாள் ஜுரத்தில் கிடப்பவரின் சீட்டில் 'என்டெரிக் ஜுரம்' என்று எழுதப்பட்டிருக்கும். வாந்தியும் பேதியுமாய் வாடிய குழந்தையின் சீட்டில் 'காஸ்ட்ரோ என்டெரைட்டிஸ்' என்று காணப்படும். மூட்டுவலிக்கென்று வாங்கிய மாத்திரையின் உறைமீது 'என்டெரிக் கோட்டெட்' என்று அச்சிட்டிருக்கும். ஜுரத்துக்கும் பேதிக்கும் மாத்திரைக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தும் என்று ஐயம் எழுவது இயல்பே. மூன்றிடத்திலும் அச்சொல் குறிப்பது ஒன்றே, அது குடல். பெயரானது இடத்தைக் காட்டுகிறது. இடம் இன்னதென்று தெரிந்தால், செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பதும் தெரியவரும். இவ்வொரு சொல்லை அறியாமையால் வீட்டிலுள்ளோர் நல்லெண்ணத்துடனேயே நோயாளிக்குத் தீங்கு விளைத்துவிடுதல் உண்டு. ஆகையால் அதைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடைத்து.

சொல்லின் பிறப்பு

கிரேக்க பாஷையில் 'என்டெரான்' என்றால் குடல் என்று பொருள். 'உள்ளே' என்னும் கருத்துடைய அடியிலிருந்து பிறந்த சொல் அது. உடலின் உள்ளே இருப்பது என்பதே அதன் மூலக் கருத்து. லத்தீன் பாஷையில் குடலுக்கு வழங்கிய 'இன்டெஸ்டைன்' என்னும் சொல்லும் 'உள்ளிருப்பது' என்ற பொருளையே உடையது. தமிழில் குடல் என்றும், பழைய நூல்களில் குடர் என்றும் வழங்குகிறோம்.

கிரேக்கச் சொல்லோடு வேறு சொற்களைச் சேர்த்து வைத்தியர் பல பெயர்களை அமைத்தனர். 'டிஸ்' என்றால் கெட்ட. ஆகவே 'டிஸென்டரி' என்பது குடலின் கேடு. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க வைத்திய நூல்களிலேயே இச்சொல் வந்துள்ளது. நாம் சீதபேதி, இரத்தபேதி என்பது இதுவே. 'காஸ்டெர்' என்றால் வயிறு, அதாவது இரைப்பை. 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. ஆகவே 'காஸ்ட்ரோ என்டெரைட்டிஸ்' என்பது இரைப்பையிலும் குடலிலும் உண்டான அழற்சி. 'மெஸோஸ்' என்றால் நடு; குடலை முதுகுப்புறச் சுவரோடு இணைத்துத் தாங்கும் சவ்வுக்கு 'மெஸென்டரி' என்று பெயர். ஆடு உரிக்குமிடத்தில் குடலைப் பிணைத்திருக்கும் கொழுப்புப் படிந்த மெல்லிய சவ்வைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'பாரா' என்றால் புறம்பே. குடல்வழியன்றி ஊசியின் மூலம் செலுத்தும் மருந்தைப் 'பாரென்டெரல்' மருந்து என்பர்.

மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் சொல்ல இயலாதென்பதில்லை. 1847-ஆம் வருஷத்தில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் என்பவர், மாணாக்கர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்கள் தமிழில் வெளிவருமாறும் செய்தார். எனினும் சீட்டுகளிலும் மருந்து உறைகளிலும் இன்றளவும் ஆங்கிலமே பெரும்பாலும் வழங்குவதால், இச்சொல்லை அதன் ஆங்கில வடிவிலேயே அடையாளம் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

குடலின் அமைப்பும் வேலையும்

இரைப்பையை அடுத்துத் தொடங்குவது சிறுகுடல். அது ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி நீளமுள்ளது. அகலத்தில் சிறியதாகையால் அதற்குச் சிறுகுடல் என்று பெயர் வந்ததேயன்றி நீளத்தில் அதுவே பெரிது. அதன் முதற்பகுதிக்கு 'டியோடினம்' என்று பெயர். பன்னிரண்டு விரற்கடை நீளம் என்பதே அதன் பொருள். சிறுகுடலுக்குப் பின் வருவது பெருங்குடல். அது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது.

உண்ட உணவின் சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே இரத்தத்தில் சேருகிறது. நீரின் கணக்கு இன்னும் வியக்கத்தக்கது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் நீர் பருகுகிறார். அதனோடு உமிழ்நீர், இரைப்பையின் நீர், பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர் ஆகிய யாவும் சேர்ந்து 8 அல்லது 9 லிட்டர் நீர் தினந்தோறும் குடலுக்குள் வருகின்றது. அவ்வளவு நீரில் 100 அல்லது 200 மில்லிலிட்டர் மட்டுமே மலத்தோடு வெளியேறுகிறது. எஞ்சிய யாவும் திரும்ப உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. ஏரிக்கு வந்த தண்ணீரில் ஏறக்குறைய முழுவதையும் மறுபடி பாசனத்துக்குத் திருப்பும் மதகு போன்றது குடல். அந்த மதகு ஒருநாள் பழுதுபட்டால் உடலிலுள்ள நீர் எவ்வளவு விரைவில் வற்றிப்போகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. குழந்தையின் சிற்றுடலில் இது சில மணி நேரத்திலேயே நேர்ந்துவிடும்.

என்டெரிக் ஜுரம்

டைபாயிட், பாராடைபாயிட் என்னும் இரண்டையும் சேர்த்து வைத்தியர் என்டெரிக் ஜுரம் என்பர். தமிழில் விஷஜுரம் என்றும் குடற்காய்ச்சல் என்றும், இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் என்றும் இதனை வழங்குவதுண்டு. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் வியாதியை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்து இட்டவை. நெருப்புக்காய்ச்சல் என்பது உஷ்ணத்தைப் பார்த்து இட்ட பெயர். டைபாயிட் என்பது புகை, மயக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நோயாளியின் அறிவு மங்கிப் பிதற்றுவதைப் பார்த்து இட்ட பெயர். என்டெரிக் என்பதும் குடற்காய்ச்சல் என்பதுமே வியாதி இருக்குமிடத்தைப் பார்த்து இட்ட பெயர்கள். உஷ்ணத்தை மட்டும் கருதுவோர் உஷ்ணத்தைத் தணிக்கவே முயல்வர். குடலைக் கருதுவோர் குடலுக்குத் தீங்கு நேராமல் காப்பர். வித்தியாசம் இதில் அடங்கியிருக்கிறது.

பேன்களால் பரவும் டைபஸ் ஜுரத்தையும் இதனையும் வைத்தியர்களே நெடுங்காலம் ஒன்றெனக் கருதியிருந்தனர். பிலடெல்பியா நகரத்தில் வில்லியம் கெர்ஹார்ட் என்பவர் 1837-இல் இரண்டும் வேறு என்று காட்டினார். லண்டனில் வில்லியம் ஜென்னர் 1850-ஐ ஒட்டிய வருஷங்களில் அதனை உறுதிப்படுத்தினார். மாண்டோரின் உடலை அறுத்துச் சோதித்தபோது, டைபாயிட் ஜுரத்தில் மட்டும் சிறுகுடலின் கடைப்பகுதியில் புண்கள் இருப்பது தெரியவந்தது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து வைத்தியர் பேயர் என்பவர் 1677-இல் விவரித்த சிறு திட்டுகளிலேயே அப்புண்கள் உண்டாகின்றன. இவ்வியாதியின் கிருமியை 1880-இல் எபெர்த் என்பவர் கண்டார். 1884-இல் காப்கி என்பவர் அதனைத் தனியே வளர்த்தெடுத்தார்.

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்குப் பின் ஜுரம் தொடங்கும். அது நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். தலைவலி, பசியின்மை, வயிற்றில் வலி, மிகுந்த சோர்வு ஆகியவை உடன்வரும். பெரியவர்களுக்குப் பேதியைவிட மலச்சிக்கலே காணப்படுதல் உண்டு. இவ்விடத்திலேதான் பெரும் பிழை நேருகிறது. "வயிறு கட்டியிருக்கிறது, வயிற்றைக் கழுவினால் ஜுரம் இறங்கும்" என்று எண்ணி வீட்டிலுள்ளோர் விளக்கெண்ணெயோ வேறு பேதிமருந்தோ கொடுத்துவிடுகின்றனர். புண்பட்டு மெலிந்துபோன குடலைப் பேதிமருந்தால் முறுக்குவது, நைந்த துணியை அடித்துத் துவைப்பதற்கு ஒப்பாகும். வைத்தியம் பெறாத நோயாளிக்கு மூன்றாவது வார அளவில் குடற்புண்ணிலிருந்து இரத்தம் கசிதலும், சில வேளைகளில் குடலில் துவாரம் விழுதலும் நேரும். துவாரம் விழுந்தால் உடனே ஆபரேஷன் செய்தாலன்றிப் பிழைத்தல் அரிது. ஆகையால் என்டெரிக் ஜுரம் என்று சீட்டில் கண்டவுடனே, வைத்தியர் சொல்லாமல் பேதிமருந்தோ எனிமாவோ கொடுப்பதில்லை என்று உறுதிகொள்ள வேண்டும். ஜுரத்தினிடையே திடீரென்று கடும் வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், மலம் கறுத்தாவது இரத்தத்துடனாவது போதல் ஆகியவற்றில் ஒன்று காணினும் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

'லங்கணம் பரம ஔஷதம்' என்று கருதி நோயாளியைப் பல நாள் பட்டினி போடுவதும் தவறு. நெடுநாள் ஜுரத்தில் உடல் உருகுவதால் உணவு மிகவும் அவசியம். குழைந்த கஞ்சி, இட்லி, மோர் கலந்து மசித்த சாதம், பருப்பு நீர் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்துவர வேண்டும்.

இக்காலத்தில் இவ்வியாதியைக் கண்டறிய இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையே நம்பத்தக்கது. 1896-இல் ஏற்பட்ட விடால் சோதனை இன்றும் பல இடங்களில் செய்யப்படினும், ஒருமுறை செய்த அச்சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பிழைக்கு இடமாகும். ஆகையால் மருந்து தொடங்குமுன்னரே வைத்தியர் இரத்தம் எடுக்கச் சொன்னால் தடை சொல்லலாகாது. 1948-இல் குளோராம்பெனிகால் என்னும் மருந்தால் இந்த ஜுரத்தைக் குணப்படுத்தலாம் என்று தெரிந்தபோது உலகமெங்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் 1972-இல் மெக்ஸிகோ தேசத்திலும், கேரளத்தில் கோழிக்கோட்டிலும் அம்மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் தோன்றின. அதன்பின் வந்த மருந்துகளிலும் பலவற்றுக்கு இவ்வாறே நேர்ந்துள்ளது. தகுந்த மருந்தைக் கொடுத்தாலும் ஜுரம் இறங்க நாலைந்து நாள் ஆகலாம். இரண்டாம் நாளே நம்பிக்கை இழந்து வேறு மருந்துக்கு மாறுவதும், ஜுரம் விட்டவுடன் மீதி மாத்திரைகளை நிறுத்திவிடுவதும் கிருமிக்குப் பலம் கொடுப்பதாகும். வியாதி திரும்பி வருவதற்கும் வழியாகும்.

வயிற்றுப்போக்கும் உப்புச் சர்க்கரை நீரும்

காஸ்ட்ரோ என்டெரைட்டிஸ் என்பதில் மரணத்துக்குக் காரணமாவது பெரும்பாலும் கிருமியன்று. உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. மதகு பழுதுபட்டது என்று மேலே கூறியதை இங்கே நினைவுகூர்க. ஆனால் பழுது முழுமையானதன்று. குடல் உப்பைத் தனியே உறிஞ்சும் வழி தடைப்பட்டிருக்கும்போதும், சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி திறந்தே இருக்கிறது. சர்க்கரை உள்ளே செல்லும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. ராபர்ட் கிரேன் என்னும் விஞ்ஞானி 1960-இல் இந்த வழியை விளக்கினார்.

இதன் பயன் 1971-இல் வங்காளத்தில் கண்கூடாயிற்று. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் தங்கியிருந்த போன்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. இரத்தக்குழாயில் ஏற்றுவதற்குரிய நீர் போதாமற்போகவே, திலீப் மஹலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினரே அதனைப் புகட்டினர். 100 பேருக்கு 30 பேர் வரை இருந்த மரணம் 4 பேருக்கும் குறைவாயிற்று.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். என்னும் பொட்டலம் கிடைக்கிறது. 1 லிட்டருக்குரிய பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாஸியம் உப்பு 1.5 கிராம், ஸிட்ரேட் உப்பு 2.9 கிராம் அடங்கியுள்ளன. உறையில் கண்ட அளவு சுத்த ஜலத்தில் பொட்டலம் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கரைத்தலும், மேலும் சர்க்கரை சேர்த்தலும் தவறு. சர்க்கரை மிகுந்தால் பேதி அதிகமாகும். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு அபாயம். பொட்டலம் கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய ஜலம் 1 லிட்டரில் சர்க்கரை 6 தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும், இரண்டையும் தலை தட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். கலந்த நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மறுபடியும் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. இத்துடன் துத்தநாக மாத்திரையை 14 நாள் வரை கொடுக்கும்படி வைத்தியர் சொல்வர். பேதி நின்றபின்னும் அதனை முடிக்கவேண்டும்.

கண் குழிதல், நா வறளுதல், தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே சமனாதல், குழந்தை சோர்ந்து பருகவும் மாட்டாதிருத்தல் ஆகியவை அபாயக் குறிகள். அவற்றைக் கண்டால் நீரைப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மலத்தில் இரத்தம் காணின் அது டிஸென்டரி. அதற்கு நீரோடு தகுந்த மருந்தும் வேண்டுமாதலால் வைத்தியரைக் காண்பதே முறை. பேதியை உடனே கட்டுவதற்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தல் கூடாது.

ஊசிக்கே மதிப்பு அதிகம் என்னும் எண்ணம் கிராமங்களில் பரவியிருக்கிறது. பாரென்டெரல் என்னும் சொல்லின் பொருளை அறிந்தால் இவ்வெண்ணம் தெளியும். குடல்வழி இயலாதபோது குடலுக்குப் புறம்பான வழியை நாடுதலே அதன் கருத்து. நோயாளி அறிவோடிருந்து பருகக்கூடியவராயின், பெரும்பாலும் வாய்வழியே கொடுக்கும் நீர் போதுமானது. அதற்கு ஊசியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். தாயின் கையில் ஒரு கரண்டி போதும்.

மாத்திரையின் மேலுறை

இனி மாத்திரையைப் பற்றிக் கூறுவோம். இரைப்பையில் கடும் அமிலம் சுரக்கிறது. சில மருந்துகளை அவ்வமிலம் அழித்துவிடும். வேறு சில மருந்துகள் இரைப்பையின் சுவரைப் புண்ணாக்கும். ஆகையால் இரைப்பையில் கரையாமல், அமிலம் குறைந்த சிறுகுடலில் மட்டும் கரையத்தக்க மேற்பூச்சு ஒன்றை மாத்திரையின்மேல் இடுகின்றனர். ஹாம்பர்க் நகரத்து வைத்தியர் உன்னா என்பவர் 1884-இல், கொம்பு முதலியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் பொருளைக் குளிகைகளின்மேல் பூசும் முறையை வெளியிட்டார். இக்காலத்தில் அதனினும் சிறந்த பூச்சுகள் வந்துள்ளன. இவ்வாறு பூசிய மாத்திரைக்கே 'என்டெரிக் கோட்டெட்' என்று பெயர். குடலுக்கென்று உறையிட்டது என்பது பொருள். உறையில் ஆங்கிலத்தில் ஈ, ஸி என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் இருப்பதும் உண்டு. இப்பொழுது 'காஸ்ட்ரோ ரெஸிஸ்டென்ட்' என்றும் அச்சிடுகின்றனர். இரைப்பையில் கரையாதது என்ற அப்பெயரும் இதனையே குறிக்கும்.

மூட்டுவலிக்குக் கொடுக்கும் டைக்ளோபினாக், இருதய நோயாளிகள் உட்கொள்ளும் ஆஸ்பிரின், வயிற்றெரிச்சலுக்குரிய பான்டோப்ரஸோல், மலச்சிக்கலுக்குரிய பிஸாகோடில் ஆகியவை இவ்வாறு உறையிட்டு வருவது வழக்கம். முதியோர் விழுங்க வருந்துகின்றனர் என்று இவற்றை அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பவர் பலர். மென்று விழுங்குவோரும் உளர். பூச்சு உடைந்தபின் மாத்திரை குடலுக்குச் செல்லும்வரை காத்திராது, இரைப்பையிலேயே கரைந்துவிடும். புண்படுத்தும் மருந்தாயின் இரைப்பையை நேரே தாக்கும்; அமிலத்தால் அழியும் மருந்தாயின் கொடுத்தும் கொடாதது போலாகும். ஒமெப்ரஸோல் போன்ற கூட்டுக்குளிகைகளின் உள்ளே இருக்கும் சிறுமணிகள் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய பூச்சு இருப்பதால் அவற்றையும் நசுக்கலாகாது. பிஸாகோடில் மாத்திரையைப் பாலுடன் உட்கொண்டால் பூச்சு முன்னதாகவே கரைந்து வயிற்றுவலி உண்டாகும். விழுங்க முடியாதவர் இருப்பின் அதனை வைத்தியரிடம் சொன்னால் வேறு வடிவில் மருந்து எழுதிக் கொடுப்பர்.

பூச்சு இருப்பதனால் ஆஸ்பிரின் முதலியவற்றால் வரும் தீங்கு முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கருதலாகாது. அம்மருந்துகள் இரத்தத்தில் சேர்ந்தபின்னும் இரைப்பையின் காப்பைக் குறைக்கும் தன்மையுடையன. ஆகையால் அளவும் காலமும் வைத்தியர் சொற்படியே இருத்தல் வேண்டும். மலம் தார்போல் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியரை நாட வேண்டும்.

குடல்வியாதி வரும் வழி

குடலில் உண்டாகும் தொத்துவியாதிகளுக்குப் புகும் வழி பெரும்பாலும் ஒன்றே; அது வாய். ஒருவர் மலத்திலிருந்த கிருமி, நீரிலோ, ஈயின் காலிலோ, கழுவாத கையிலோ ஏறி இன்னொருவர் வாயை அடைகிறது. வில்லியம் பட் என்னும் ஆங்கில வைத்தியர், கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே, டைபாயிட் ஜுரம் மலத்தால் கெட்ட நீரின் மூலம் பரவுகிறது என்று வற்புறுத்திக் கூறினார். தென் ஆப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த யுத்தத்தில், பகைவரால் மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைவிட வியாதியால் மாண்டோர் அதிகம். அவ்வியாதிகளுள் தலையாயது என்டெரிக் ஜுரம். குணமடைந்த சிலர் தாம் நலமாயிருந்தும் பித்தப்பையில் கிருமியைத் தாங்கி வருஷக்கணக்காகப் பரப்புவதும் உண்டு. நியூயார்க் நகரத்தில் சமையல் வேலை செய்த மேரி மாலன் என்னும் மாது இத்தகையவர் என்று 1907-இல் தெரியவந்தது.

ஆகவே நோயாளியின் வீட்டிலுள்ளோர் மலம் கழுவியபின்னும், குழந்தைக்குக் கால் கழுவியபின்னும், உணவைத் தொடுமுன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் அவசியம். குடிநீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் வைத்து, கைபடாமல் அகப்பையால் முகந்து பருகவேண்டும். கழிப்பிடக் குழி கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும்.

ஊர்க் கிணற்றைப் பிளீச்சிங் பவுடரால் சுத்தி செய்யும் கணக்கும் எளிது. கிணற்றின் குறுக்களவை அதனாலேயே பெருக்கி, அதனை நீரின் ஆழத்தால் பெருக்கி, மறுபடி 3.14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால், மீட்டர் அளவில் கொண்ட கணக்குக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் என்பது தெரியும். 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,420 லிட்டர் நீர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம் நல்ல பவுடர் வேண்டும். அதனை வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின், தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அவ்வாளியைக் கிணற்றுநீருள் இறக்கி நன்றாகக் கலக்கவேண்டும். இரவில் கலந்து காலையில் இறைப்பது நலம். நீர் மிகவும் கெட்டிருந்தால் இவ்வளவு போதாதாகையால் சுகாதார இன்ஸ்பெக்டரைக் கொண்டு சோதித்து அளவை நிச்சயித்துக்கொள்ளவேண்டும்.

டைபாயிட் ஜுரத்துக்கு 6 மாதக் குழந்தை முதற்கொண்டு போடத்தக்க தடுப்பூசியை உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் சிபார்சு செய்தது. அத்தகைய தடுப்பூசி ஹைதராபாத்தில் தயாராகிறது. அது நல்ல துணையேயாயினும், சுத்த நீருக்கும் சுத்தமான கைக்கும் ஈடாகாது.

முடிவுரை

என்டெரிக் என்றால் குடலைச் சார்ந்தது. இச்சொல் ஜுரத்தோடு வந்தால் பேதிமருந்தை விலக்கி, மென்மையான உணவு கொடுத்து, மருந்தை முடிவுவரை கொடுக்கவேண்டும். வாந்திபேதியோடு வந்தால் உப்புச் சர்க்கரை நீரைத் தாமதமின்றிக் கொடுக்கத் தொடங்கவேண்டும். மாத்திரையின் உறைமீது வந்தால் அதனைப் பொடிக்காமலும் மெல்லாமலும் முழுதாக விழுங்கவேண்டும். கிராமத்தில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள சீட்டுகளையும் மருந்து உறைகளையும் எடுத்து, இச்சொல் இருக்கிறதா என்று பார்த்துப் பெரியோருக்குச் சொல்வார்களாயின், அது அவ்வூருக்கு அவர்கள் செய்யும் நல்ல தொண்டாகும்.